மேடையில் ‘போதாது’, கேமரா முன் ‘அதிகம்’: நடிப்புப் பட்டப் படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: மேடை, திரை நடிப்பில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. மேடை வகுப்பில் ‘கடைசி வரிசைக்கு எட்டவில்லை, இன்னும் பெரிதாகச் செய்’ என்கிறார்கள். மறுநாள் கேமரா வகுப்பில் அதே காட்சியைச் செய்தால் ‘அதிகம், குறை’ என்கிறார்கள். ஒரு ஆசிரியர் சொந்த வாழ்க்கையின் துக்கத்தை நினைத்து அழச் சொல்கிறார், இன்னொருவர் அது கூடவே கூடாது என்கிறார். ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் தொண்டை கட்டிக்கொள்கிறது, இந்த முறை மூன்று வாரமாகியும் சரியாகவில்லை. என்னோடு படித்த தோழி எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒரு தொடரில் நடிக்கத் தொடங்கிவிட்டாள். இந்தப் பட்டத்தால் என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இறுதியாண்டு நாடகத்தில் எனக்குக் கிடைத்திருப்பது ஆறே வரி வசனம் உள்ள பணிப்பெண் வேடம். படிப்பை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தொண்டை. உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

மூன்று வாரமாகக் குரல் சரியாகவில்லை என்பதைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. சளியால் கட்டும் குரல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் திரும்பிவிடும். அதையும் தாண்டிக் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் குரல் நாண்கள் தெரியாது. அதற்கென்று இருக்கும் மெல்லிய கேமராக் குழாயாலோ சிறு கண்ணாடியாலோ குரல்வளையைப் பார்க்க வேண்டும். ‘நான் நடிப்பு மாணவி, குரல்தான் என் தொழில்’ என்று மருத்துவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் அவர் பார்க்கும் விதமே மாறும்.

சாதாரணமாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. கத்தும்போது அந்த மோதல் கடுமையாகிறது. நாள்தோறும் ஒரே இடத்தில் அடிபட்டால் அங்கே முதலில் வீங்கும், விட்டுவிட்டால் தடித்து முடிச்சாகும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் சிகிச்சைப் பயிற்சியும் போதும். மருத்துவரைப் பார்க்கும் வரை கத்தாதீர்கள், அடிக்கடி கனைக்காதீர்கள். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கத்தான் செய்கிறது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. நிறைய தண்ணீர் குடியுங்கள். வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களை வாயில் போட்டுக்கொண்டு மேடையேறும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வலி உங்களை எச்சரிக்கிறது. அதை அமுக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கத்தினால் என்ன கெட்டது என்பது மறுநாள்தான் தெரியும்.

ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் தொண்டை கட்டுவதை நடிப்பின் கூலி என்று மாணவர்கள் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கூலி இல்லை. வாரத்துக்கு எட்டுக் காட்சி, மாதக்கணக்கில் நடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குரல் தேயாமல் இருப்பது பயிற்சியால். எஃப். எம். அலெக்சாண்டர் என்று ஒருவர். 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் ஒப்பித்துக் காட்டும் கலைஞர். அவருக்கும் உங்களைப் போலவே மேடையில் குரல் கம்மிவிடும். மருத்துவர்கள் ஓய்வு சொன்னார்கள். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் திரும்பவும் போய்விடும். அப்படியென்றால் மேடையில் நான் செய்யும் ஏதோ ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று முடிவு செய்து, கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே கவனித்தார். பேச வாயெடுக்கும்போதெல்லாம் தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுவதைக் கண்டார். இன்று உலகெங்கும் நடிப்புப் பள்ளிகளில் கற்றுத்தரும் அலெக்சாண்டர் முறை அங்கிருந்து பிறந்தது. காலை நேரத்து உடல் வகுப்பில் உங்களைத் தரையில் படுக்க வைத்துக் கழுத்தைத் தளர்த்தச் சொல்கிறார்களே, அது வீண் நேரமில்லை. கடைசி வரிசையை எட்டும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘எட்டவில்லை’ என்று ஆசிரியர் சொல்லும்போது பாதி நேரம் குறை சத்தத்தில் இருக்காது. உயிரெழுத்து ஒலிகள் குரலுக்கு வலு கொடுக்கின்றன, சொல்லைப் புரியவைப்பது மெய்யொலிகள். நீங்கள் கத்தினால் உயிரொலி மட்டும் பெருத்து, மெய்யொலிகள் அதற்குள் அமுங்கிப்போகும். அரங்கில் சத்தம் நிறைந்திருக்கும், சொல் கேட்காது. அடுத்தது வாக்கியத்தின் கடைசிச் சொல். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. போனானா, போகவில்லையா, போவானா என்பதெல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அங்கே குரல் இறங்கிவிட்டால் பார்வையாளருக்கு வாக்கியத்தின் பொருளே போய்விடும். நண்பரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வழக்கமான குரலில், மெய்யொலிகளைக் கூர்மையாகவும் கடைசிச் சொல்லை முழு மூச்சோடும் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் விழுந்தது என்பதை மட்டும் அவர் குறித்துத் தரட்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று மெல்ல மேலும் கீழும் முனகுவது நாண்களுக்கு இதமானது, குரல் பயிற்சியாளர்கள் பலரும் பரிந்துரைப்பதுதான். உங்களுக்கு அது மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு.

சரி, இப்போது ‘பெரிதாகச் செய்’, ‘குறை’.

இரண்டு ஆசிரியர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே சோம்பேறித்தனமான குறிப்புகள் என்பது என் கருத்து. விளைவை மட்டும் சொல்கின்றன, அங்கே போய்ச் சேரும் வழியைச் சொல்வதில்லை. ‘குறை’ என்று கேட்ட மாணவர் என்ன செய்கிறார்? குரலைக் குறைக்கிறார், கையை அசைக்காமல் வைத்துக்கொள்கிறார், கூடவே பாத்திரத்தின் விருப்பத்தையும் குறைத்துவிடுகிறார். கடனைத் திருப்பிக் கேட்க வந்த பெண்ணுக்கு இப்போது பணம் வேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை. முகம் அமைதியாக இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. கேமரா அதைத்தான் உடனே காட்டிக்கொடுக்கும். ‘பெரிதாகச் செய்’ என்று கேட்டவரோ விருப்பத்தைத் தொடாமல் கையை மட்டும் பெரிதாக்குகிறார்.

மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை அளவு என்று பார்க்காமல் தூரம் என்று பாருங்கள். பாத்திரத்துக்கு வேண்டியது ஒன்றுதான், அதன் தீவிரமும் ஒன்றுதான். அது யாரிடம், எவ்வளவு தூரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மாறுகிறது. கையெட்டும் தூரத்தில் இருக்கும் அக்காவிடம் ‘போகாதே’ என்று சொல்வதும், தெரு முனையைத் தாண்டிக்கொண்டிருக்கும் அக்காவிடம் ‘போகாதே’ என்று சொல்வதும் ஒரே அளவு உண்மைதான். இரண்டாவதில் உடம்பு தானாகவே நிமிர்கிறது, மூச்சு ஆழமாகிறது, சொல் நீள்கிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை இந்த வாரமே செய்து பாருங்கள், குரல் இடம் கொடுத்தால். இல்லையென்றால் பிறகு. உங்களுக்குப் பழகிய ஒரு சிறு வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒரு நண்பர் ஒரு கை தூரத்தில் இருக்க, அவருக்குச் சொல்லுங்கள். பிறகு அறையின் மறுகோடியில் அவரை நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு அரங்கின் கடைசி வரிசையில். மூன்று முறையும் அவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வேண்டும், அது கிடைத்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றையும் படம்பிடியுங்கள். முதலாவதுதான் கேமராவுக்கான நடிப்பு, மூன்றாவது மேடைக்கானது. இடையில் உள்ளது இடுப்புவரை தெரியும் மிட் ஷாட்டுக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். இதைச் செய்து பார்த்த மாணவர்கள் பலர் ‘நான் எதையும் குறைக்கவே இல்லையே’ என்று வியக்கிறார்கள்.

கேமரா வகுப்பில் ஒரு பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் ‘ஃபிரேம் எங்கே வெட்டுகிறது?’ என்று கேமராக்காரரிடம் கேளுங்கள். இடுப்பிலா, நெஞ்சிலா, கழுத்திலா? லாங் ஷாட்டில் உடம்பின் நிலையும் நடையும் கதை சொல்லும். குளோசப்பில் கண் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அது ஒரு நிகழ்ச்சி. அங்கே தலையை ஆட்டி ஆட்டிப் பேசினால் பார்ப்பவருக்குத் தலை மட்டும்தான் தெரியும். கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். அனுபவமுள்ள திரை நடிகர்கள் நாள்தோறும் கேட்கும் கேள்விதான் இது.

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஒரு சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு சூப் கிண்ணத்தோடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணின் காட்சியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். முகம் ஒரே முகம். பார்த்தவர்களோ அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. இதைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் திரையில் நடிகர் எதுவுமே செய்ய வேண்டாம்’ என்று சில மாணவர்கள் முடிவு கட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பார்ப்பவர் முகத்துக்குள் பொருளை ஊற்றிக்கொள்வார் என்பதுதான் அந்தச் சோதனையின் செய்தி. அதற்கு முகத்தில் இடம் இருக்க வேண்டும். ‘நான் துக்கமாக இருக்கிறேன்’ என்று முகமே அறிவித்துவிட்டால் பார்ப்பவருக்கு வேலை இல்லை. அதனால் நீங்கள் யோசியுங்கள், கேளுங்கள், எதிரில் இருப்பவரைப் பாருங்கள். அதைக் காட்ட மட்டும் முயலாதீர்கள். மேடையில் பார்வையாளர் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம், அவர் கண்ணை உங்கள் பக்கம் அழைப்பது உங்கள் வேலை. திரையில் அந்த வேலையை இயக்குநரும் படத்தொகுப்பாளரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுமை இறங்கியதும் கையும் முகமும் தாமாகவே அடங்கும்.

ஷூட்டிங் நடைமுறை பற்றியும் கொஞ்சம். காட்சிகள் கதை வரிசையில் படமாவதில்லை. கணவனின் சாவுக்கு அழுவதை முதல் நாள் எடுப்பார்கள், அவனை முதன்முதலில் சந்திப்பதைப் பத்தாம் நாள் எடுப்பார்கள். மேடையில் கதையின் ஓட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே அது இல்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டே வரி எழுதுங்கள்: இதற்குச் சற்றுமுன் எனக்கு என்ன நடந்தது, இப்போது எனக்கு என்ன வேண்டும். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் செயல் மாறாமல் இருக்க, அதாவது கன்டினியூட்டிக்காக, எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்கள், எந்தக் கையால் எடுத்தீர்கள் என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும். தரையில் ஒட்டியிருக்கும் மார்க்கில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, முதலில் மார்க்கில் நின்று பின்னோக்கி நடந்து எத்தனை அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் மொத்தக் கண்ணீரையும் கொட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து குளோசப் வரும்போது வற்றிப்போய் நிற்பது புதியவர்கள் எல்லாருக்கும் நடப்பது. எந்த ஷாட் எப்போது வரும் என்று உதவி இயக்குநரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

மேடை இதற்கெல்லாம் எப்படி உதவும் என்று கேட்பீர்கள். பிரெஞ்சு நடிப்பு ஆசிரியர் ழாக் லெகோக் 1956-இல் பாரிஸில் தொடங்கிய பள்ளியில் மாணவர்களுக்கு உணர்ச்சியற்ற நடுநிலை முகமூடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். முகம் மறைந்ததும் உடம்பு பேசியே ஆக வேண்டும். குளோசப்பில் உடம்பு மறைகிறது, கண் பேசியே ஆக வேண்டும். இந்த இரண்டு மூலைகளுக்கும் ஒரே மாணவரை மாறி மாறி அனுப்புவதுதான் உங்கள் பட்டப் படிப்பு. தனியாக ஒன்றைப் படித்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. இந்த வளமும் வந்திருக்காது. குழப்பம் இரண்டாம் ஆண்டில் உச்சத்துக்குப் போவதை நான் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். பழைய பழக்கங்கள் கலைந்துவிடும், புதியவை இன்னும் படிந்திருக்காது. இந்த நேரத்தில் விட்டுப் போகிறவர்களை நினைத்து எனக்கு மனம் வலிக்கும்.

சொந்தத் துக்கத்தை நினைத்து அழுவது பற்றி. இந்தச் சண்டை உங்கள் கல்லூரியில் தொடங்கியதில்லை. அமெரிக்க நடிப்பு ஆசிரியர்கள் லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா ஆட்லர், சான்ஃபோர்டு மெய்ஸ்னர் மூவரும் 1931-இல் நியூயார்க்கில் தொடங்கிய குரூப் தியேட்டர் என்ற ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள், மூவருக்கும் ஊற்று ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. ஸ்ட்ராஸ்பெர்க் உணர்ச்சி நினைவை, அதாவது சொந்த அனுபவத்தை நினைத்து அதன் உணர்ச்சியை எழுப்புவதை, வலியுறுத்தினார். ஆட்லர் 1934-இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துப் பயின்று திரும்பி, பாத்திரத்தின் சூழ்நிலையும் கற்பனையும்தான் அடிப்படை என்று வாதிட்டார். மெய்ஸ்னர் கவனம் முழுவதையும் எதிரில் இருக்கும் நடிகரின் மேல் வைத்தார். மூவரிடமும் பெரிய நடிகர்கள் உருவானார்கள். உங்கள் இரண்டு ஆசிரியர்களும் இந்தப் பழைய வாதத்தின் இரு பக்கங்கள்.

என் நிலையைக் கேட்டால், இன்னும் ஆறாத துக்கத்தை வகுப்பில் தொடாதீர்கள். கற்பனையில் இருந்தும் எதிர் நடிகரிடம் இருந்தும் வரும் கண்ணீரை மறுநாளும் வரவழைக்கலாம். ஆறாத காயத்திலிருந்து வருவது ஒருநாள் வரும், மறுநாள் வராது. வந்தாலும் நிறுத்தத் தெரியாது. ‘இதை நான் பயன்படுத்த விரும்பவில்லை’ என்று ஆசிரியரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நெருக்கமான காட்சிகளிலும் அப்படித்தான். யார் எங்கே தொடுவார்கள், எங்கே தொடக் கூடாது என்பதைச் சண்டைக் காட்சியைப் போலவே முன்கூட்டிப் பேசி, படிப்படியாக வகுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இப்போது பல படப்பிடிப்புகளில் நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். மூடிய அறையில், தனியாக, ‘தயக்கத்தைப் போக்கும் பயிற்சி’ என்று சொல்லி யாராவது எதையாவது கேட்டால் அது பயிற்சி இல்லை. எழுந்து வெளியே வாருங்கள், நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவர் நடிக்கட்டும், நீங்கள் மனமார வாழ்த்துங்கள். ஆடிஷனில் யாரும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. அந்த வேடத்துக்கு இவர் பொருந்துவாரா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். வயது, தோற்றம், பேச்சு பொருந்தினால் பயிற்சி இல்லாதவருக்கும் வாய்ப்பு வரும். பட்டம் வேலை வாங்கித் தரும் என்று யாராவது உங்களைச் சேர்த்திருந்தால் அது தவறான வாக்குறுதி.

பட்டப் படிப்பு தருவது வேறு. 1904-இல் தொடங்கிய லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் ஆகட்டும், 1959-இல் தொடங்கிய டெல்லியின் தேசிய நாடகப் பள்ளி ஆகட்டும், முழுநேர நடிப்புப் படிப்பை மூன்று ஆண்டு என்று வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் ஜூலியார்டு கலைப் பள்ளியில் இளங்கலை நடிப்புக்கு நான்கு ஆண்டு. மூச்சும் முதுகும் நாக்கும் மாற அவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதுதான் காரணம். நாள்தோறும் உங்களைக் கவனித்துத் திருத்த ஒருவர், சொதப்பினாலும் வாய்ப்பைப் பறிக்காத ஒரு மேடை, இருபது வயதில் எழுபது வயதுப் பாட்டியாக நடித்துப் பார்க்கும் உரிமை. வேலைக்குப் போன பிறகு இது எதுவும் கிடைக்காது. அங்கே உங்களுக்கு ஏற்கெனவே எது வருமோ அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். முதல் வேடம் கிடைப்பதற்குப் பயிற்சி தேவைப்படாமல் போகலாம். ஒன்றுக்கொன்று வேறான ஐந்து வேடங்கள் கிடைக்கத் தேவைப்படும்.

அதனால் தோழியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் கல்லூரியைப் பார்த்து முடிவெடுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்கள் எழுந்து நின்று செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறீர்கள்? ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் உங்கள் முறை மாதத்துக்கு ஒருதரம் வரும், அது போதாது. ஆசிரியர்களில் யாராவது இன்றும் தொழிலில் இருக்கிறார்களா? கேமரா முன் நடித்ததை உங்களுக்குப் போட்டுக் காட்டி விவாதிக்கிறார்களா? இறுதியாண்டில் இயக்குநர்களையும், நடிகர்களைத் தேர்வு செய்யும் காஸ்டிங் இயக்குநர்களையும் அழைத்து நடிப்பைக் காட்டும் நிகழ்ச்சி உண்டா? பெரும்பாலும் ‘ஆம்’ என்றால் தங்குங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றாலோ, கட்டணத்துக்காக வீடு கடனில் மூழ்குகிறது என்றாலோ, அவமானப்படுத்துவதைப் பயிற்சி என்று நம்பும் இடம் என்றாலோ, விலகுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நல்ல நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, குரலுக்குத் தனியாக ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டு தொடரலாம். வழி நீளமாகும், அடைபடாது.

உங்கள் கடிதத்தில் கல்லூரியைப் பற்றிக் குறையாக நீங்கள் சொன்னது ஆசிரியர்கள் முரண்படுகிறார்கள் என்பது மட்டும்தான். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது. விலக வேண்டிய காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் பயிற்சி பெற்றவர்களுக்கும் வேலை தொடர்ந்து வராது, இடைவெளிகள் இருக்கும். அந்த இடைவெளியில் என்ன செய்வேன் என்று உங்களிடம் ஒரு திட்டம் இருந்தால் அவர்கள் பயம் பாதி குறையும். பள்ளிகளில் நாடகம் கற்பித்தல், குரல் கொடுத்தல், டப்பிங், ஒலிப்புத்தக வாசிப்பு, நிறுவனங்களுக்குப் பேச்சுப் பயிற்சி எல்லாம் இந்தப் படிப்பிலிருந்து நேராக வருபவை. முதுகலையோ ஆசிரியர் பணியோ வேண்டுமென்றால் அங்கே பட்டம் உண்மையிலேயே கேட்பார்கள். கடைசி ஆண்டிலேயே செல்ஃப் டேப், அதாவது ஆடிஷனுக்கு நீங்களே படம்பிடித்து அனுப்பும் வீடியோ, எடுக்கப் பழகுங்கள். வெற்றுச் சுவர், முகத்துக்கு நேரே வெளிச்சம், போனைப் படுக்கைவாக்கில் வைத்து நெஞ்சுவரை ஃபிரேம். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸுக்கு ஒட்டியே நிற்கட்டும், உங்களைவிட மெதுவாகப் படிக்கட்டும். படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கெட்டிருந்தால் மூடிவிடுவார்கள்.

கடைசியாக அந்தப் பணிப்பெண். வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு வரி என்பதை இப்போதைய உங்கள் தொண்டைக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பாகவே நான் பார்க்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இயக்குநரிடம் ஒத்திகை தொடங்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள், முதல் சில வாரம் குரலை முழுதாகத் திறக்காமல் ஒத்திகை பார்க்க அனுமதி கேளுங்கள். நாடகத்தை முழுதாக இரண்டு முறை வாசித்து, அந்தப் பெண் மேடையில் இல்லாத நேரமெல்லாம் எங்கே இருக்கிறாள், என்ன வேலை பாதியில் கிடக்கிறது, அந்த வீட்டில் யாருக்குப் பயப்படுகிறாள் என்று எழுதுங்கள். பேசாமல் நிற்கும் நேரம்தான் அவளுக்கு அதிகம். நன்றாகக் கேட்கப் பழக அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது. கேமரா வகுப்பில் குளோசப்பில் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். ஒத்திகையில் முக்கிய வேடக்காரர் பேசும்போது உங்கள் முறைக்காகக் காத்திருக்காமல், அவர் சொல்வது அந்தப் பெண்ணின் நாளை எப்படி மாற்றுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். ஆறு வரியின் கடைசிச் சொற்களும் பின்வரிசைக்குப் போகின்றனவா என்று குறித்துத் தர, ஒத்திகை தொடங்கும் நாளிலேயே ஒரு நண்பரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.